மவுஸை அசைத்தால் வரும் நுழைவுத் திரை: ஒரு பள்ளிக் கணினி அறையின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

ஒரு மேல்நிலைப் பள்ளியின் கணினி அறையில் 2019-ஆம் ஆண்டு நடந்தது இது. அங்கிருந்தவற்றில் பெரும்பாலானவை இரண்டாம் தலைமுறை இன்டெல் கோர் செயலி கொண்ட பழைய மேசைக் கணினிகள். சில அதற்கும் முந்தைய கோர் 2 டுவோ. கதவை ஒட்டிய வரிசையில் மட்டும் நான்காம் தலைமுறைச் செயலி கொண்ட புதியவை இருந்தன. எல்லாவற்றிலும் டெபியன் லினக்ஸ் 9, குனோம் மேசைத்தளம், நுழைவுத் திரையைக் காட்டும் நிரலாக (நுழைவு மேலாளர்) அதனுடன் வரும் ஜிடிஎம்.

அந்த ஆண்டு ஜூலை 6 அன்று டெபியன் 10 வெளியானது. ஆகஸ்டில் சேர்ந்து வந்த விடுமுறை நாள்களில் பள்ளியின் கணினிப் பராமரிப்பாளர் எல்லாக் கணினிகளையும் புதிய பதிப்புக்கு மாற்றினார். புதிய கணினி ஒன்றில் நிறுவி, சரிபார்த்து, அதன் படிமத்தை (வட்டின் முழு நகலை) மற்றவற்றுக்கு நகலெடுத்தார். பழைய கணினிகளின் வன்வட்டுகள் தேய்ந்து போயிருந்ததால், அவற்றுக்கு மட்டும் அதே வேளையில் எஸ்எஸ்டி (சுழலும் பாகம் இல்லாத வட்டு) பொருத்தினார். ஒரே நாளில் இயங்குதளமும் வட்டும் மாறின என்பதை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். குழப்பத்தில் பாதி அங்கிருந்து வந்தது.

அந்த அறைக்கு ஒரு வழக்கம் உண்டு. காலையில் ஆய்வக உதவியாளர் மின்பலகையில் முதன்மைச் சுவிட்சைப் போடுவார். மின்சாரம் வந்தவுடன் தானே இயங்கத் தொடங்கும்படி எல்லாக் கணினிகளிலும் பயாஸ் (இயங்குதளத்துக்கு முன் ஓடும் அடிப்படை நிரல்) அமைக்கப்பட்டிருந்தது. ஒவ்வொன்றாகப் பொத்தானை அழுத்த வேண்டியதில்லை. மாணவர்கள் வருவதற்குள் திரைகள் தயாராகிவிடும்.

புகார்

விடுமுறை முடிந்த முதல் வாரத்திலேயே புகார் வந்தது. பழைய கணினிகளில் நுழைவுத் திரை வரவில்லை. கறுப்புத் திரை, இடது மூலையில் ஒரு கோடு, அவ்வளவுதான். சில கணினிகளில் இரண்டு நிமிடம் கழித்து வந்தது. சிலவற்றில் ஐந்து நிமிடம் ஆகியும் வரவில்லை. பொறுமையிழந்த மாணவர்கள் பவர் பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்து மீண்டும் போட்டார்கள். காத்திருப்பு முதலிலிருந்து தொடங்கியது. பேசாமல் உட்கார்ந்திருந்தவர்களுக்கு ஒருவழியாகத் திரை வந்தது.

பராமரிப்பாளர் வந்து பார்த்தபோதெல்லாம் எல்லாம் சரியாக இருந்தது. விசைப்பலகையில் இரண்டு தட்டுத் தட்டி, மவுஸை நகர்த்தினால் திரை வந்துவிடும். “சார், நீங்கள் வந்தால் மட்டும் ஓடுகிறது, நீங்கள் போனதும் நின்றுவிடுகிறது” என்றார் உதவியாளர். அதைக் கேட்டு அறையில் எல்லாரும் சிரித்தார்கள். இந்த வழக்கில் அதைவிடத் துல்லியமாக யாரும் எதையும் சொல்லவில்லை.

முதலில் செய்யப்பட்டவை

திரை வராததால் சந்தேகம் நேராக ஜிடிஎம் மீது விழுந்தது. பராமரிப்பாளர் அதை நீக்கி மீண்டும் நிறுவினார். திரையில் படம் காட்டும் புதிய அமைப்பான வேலாண்டை அணைத்துவிட்டுப் பழைய எக்ஸ் சர்வரில் ஓடும்படி அமைப்புக் கோப்பை மாற்றினார். மானிட்டர் கேபிள்களையும் மாற்றிப் பார்த்தார். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் தாமே முன்னால் உட்கார்ந்து சோதித்தார். ஒவ்வொரு முறையும் வேலை செய்தது. மறுநாள் காலையில் மறுபடி கறுப்புத் திரை.

இன்னொரு வழியும் அறையில் பரவியது. கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 சேர்த்து அழுத்தி எழுத்து முனையத்துக்குப் போய், பயனர் பெயரும் கடவுச்சொல்லும் தட்டி, ஜிடிஎம் சேவையை மறுதொடக்கம் செய்தால் திரை வந்துவிடும். மறுதொடக்கம்தான் மருந்து என்று எல்லாரும் நம்பினார்கள். அப்படியானால் அதைத் தானியங்கியாக்கிவிடலாம் என்று, கணினி எழுந்து ஒரு நிமிடத்தில் ஜிடிஎம்மைத் தானே மறுதொடக்கம் செய்யும் சிறு ஸ்கிரிப்டைப் பராமரிப்பாளர் எழுதி வைத்தார். அது எந்தப் பயனும் தரவில்லை. மறுதொடக்கமான ஜிடிஎம்மும் அப்படியே நின்றது.

இந்தக் கட்டத்தில்தான் என்னைப் பார்க்கச் சொன்னார்கள். அந்தத் தோற்றுப்போன ஸ்கிரிப்ட்தான் எனக்குக் கிடைத்த முதல் நல்ல தடயம். கையால் செய்த மறுதொடக்கம் பலித்தது. கை படாத மறுதொடக்கம் பலிக்கவில்லை. இரண்டிலும் ஓடிய கட்டளை ஒன்றுதான். வேறுபாடு கட்டளையில் இல்லை, அதைத் தட்டிய விரல்களில் இருந்தது.

கை படாமல் பார்த்தல்

தொட்டால் மறையும் கோளாறைத் தொடாமல்தான் பார்க்க முடியும். பிணையம் வழியாக எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து கணினியை இயக்கும் வழி) மூலம் நுழைந்து பார்க்கலாம் என்பது வழக்கமான யோசனை. இங்கே அது உதவாது: பிணையத்தில் வரும் ஒவ்வொரு பொட்டலமும் கணினியைத் தொடுவதுதான். அதோடு, எஸ்எஸ்எச் சேவையும் அதே நேரத்தில் திணறிக்கொண்டிருந்தது.

ஆகவே கணினியே தன்னைக் கவனித்து எழுதும்படி செய்தோம். சிஸ்டம்டி (லினக்ஸில் சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் நிரல்) வழியாகத் தொடக்கத்தில் ஓடும் ஒரு சிறு சேவை, சில வினாடிகளுக்கு ஒருமுறை, ஓடும் நிரல்களின் நிலையைக் காட்டும் பிராக் கோப்பகத்தைப் பார்த்து, ஜிடிஎம்மும் அதன் கீழ் ஓடும் நிரல்களும் கெர்னலுக்குள் (இயங்குதளத்தின் மையப் பகுதிக்குள்) எந்த இடத்தில் காத்திருக்கின்றன என்பதை ஒரு கோப்பில் குறித்துக்கொள்ளும். பிறகு முதன்மைச் சுவிட்சைப் போட்டுவிட்டு எல்லாரும் அறைக்கு வெளியே நின்றோம். ஒவ்வொரு திரையும் எப்போது வந்தது என்று உதவியாளர் சன்னல் வழியாகப் பார்த்துத் தாளில் எழுதினார்.

திரைகள் எல்லாம் வந்தபின் கோப்புகளைத் திறந்தோம். ஜிடிஎம் சேவை நான்கைந்து வினாடிகளிலேயே எழுந்து ‘இயங்குகிறது’ என்ற நிலைக்கு வந்துவிட்டிருந்தது. சிஸ்டம்டியைப் பொறுத்தவரை குறையே இல்லை. நின்றிருந்தது அதன் கீழ் ஓடிய குனோம்-செஷன் என்ற நிரல். ஜிடிஎம்மின் நுழைவுத் திரை தனிச் சிறு நிரல் அன்று. அதற்கென உள்ள ஒரு பயனர் கணக்கில் ஓடும் ஒரு குறுகிய குனோம் அமர்வு. அந்த அமர்வு ‘வெயிட் ஃபார் ரேண்டம் பைட்ஸ்’ என்ற கெர்னல் செயற்கூறில் காத்திருந்தது. அது விடுத்திருந்த அமைப்பு அழைப்பின் (நிரல் கெர்னலிடம் வைக்கும் கோரிக்கையின்) எண் 318. 64-பிட் இன்டெல் கணினிகளில் அது ‘கெட்ரேண்டம்’ அழைப்பு. நுழைவு மேலாளர் பழுதாகவில்லை. கெர்னலிடம் ஒரு சமவாய்ப்பு எண்ணைக் கேட்டுவிட்டு, கிடைக்கும்வரை ஒழுங்காகக் காத்திருந்தது.

கெர்னல் பதிவேடு இதை உறுதிசெய்தது. டெபியன் 10-இன் 4.19 கெர்னல், சமவாய்ப்பு எண் உற்பத்தி பற்றித் தொடக்கத்தில் இரண்டு வரிகளை எழுதும். முதல் வரி ‘ஃபாஸ்ட் இனிட் டன்’. இரண்டாவது, எண் உற்பத்தி முழுமையாகத் தயார் என்று சொல்லும் ‘சிஆர்என்ஜி இனிட் டன்’. புதிய கணினிகளில் இரண்டாவது வரியின் இடத்தில் அதே பொருள் தரும் வேறொரு வரி தொடக்கத்திலேயே இருந்தது. பழையவற்றில் முதல் வரி சில வினாடிகளில் வந்துவிட்டது. இரண்டாவது வர நிமிடக்கணக்கில் ஆனது. சன்னல் வழியாக எழுதிய தாளையும் பதிவேட்டையும் அருகருகே வைத்துப் பார்த்தபோது, நுழைவுத் திரை ஒவ்வொரு பழைய கணினியிலும் அந்த இரண்டாவது வரிக்குப் பின்னாலேயே வந்திருந்தது.

எதற்காக அந்த எண்

ஓர் அமர்வுக்குள் ஓடும் நிரல்கள் ஒன்றை ஒன்று அடையாளம் காண, அமர்வு தொடங்கும்போதே ஒரு ரகசியச் சாவி உருவாகும். ‘எம்ஐடி மேஜிக் குக்கி’ எனப்படும் அதன் நீளம் 128 பிட், அதாவது 16 பைட். யாரும் ஊகிக்க முடியாததாக அது இருக்க வேண்டும். இதை உருவாக்கும் லிப்ஐசிஇ என்ற நிரல் நூலகம் போதிய தரமற்ற எண்களைப் பயன்படுத்துகிறது என்பது 2017-இல் சிவிஇ-2017-2626 என்ற பாதுகாப்புக் குறையாகப் பதிவானது. தீர்வு, தரமான எண்ணைக் கெர்னலிடமே வாங்குவது.

கெர்னல் அந்த எண்ணை எங்கிருந்து எடுக்கிறது? விசை அழுத்தம், மவுஸ் அசைவு, வட்டின் இயக்கம், பிணையப் பொட்டலம் என வெளியிலிருந்து வரும் இன்டரப்டுகளின் (செயலியின் கவனத்தைக் கோரும் குறிப்புகளின்) நேர வேறுபாடுகளில் முன்கூட்டிக் கணிக்க முடியாத ஒரு பகுதி இருக்கும். அதைத்தான் என்ட்ரோபி என்ற பெயரில் சேமிக்கிறது. 4.19 கெர்னலில், 128 பிட் அளவுக்குச் சேர்ந்த பிறகே அது இரண்டாவது வரியை எழுதி, காத்திருப்பவர்களுக்குக் கதவைத் திறந்தது. யாரும் தொடாத, சுழலும் வட்டு இல்லாத, பிணையத்தில் பெரிதாக எதுவும் நடக்காத கணினியில் அந்த அளவு சேர நேரமாகும். பராமரிப்பாளர் மவுஸை அசைத்தபோதெல்லாம் தம்மை அறியாமல் கிண்ணத்தை நிரப்பிக்கொண்டிருந்தார்.

டெபியன் 9-இல் இது ஏன் நேரவில்லை என்பதற்கும் பதில் கெர்னலில்தான் இருக்கிறது. அதன் 4.9 கெர்னலில், முதல் வரி வந்ததுமே கெட்ரேண்டம் எண்களைக் கொடுத்துவிடும். அந்தக் கட்டத்தில் கிடைக்கும் எண்கள் போதிய அளவு ஊகிக்க முடியாதவை அல்ல என்று 2018-இல் சுட்டிக்காட்டப்பட்டது (சிவிஇ-2018-1108). அதைத் திருத்தி, இரண்டாவது வரிவரை காத்திருக்கச் செய்தது 4.17 கெர்னல். நூலகத்தில் ஒரு நியாயமான திருத்தம், கெர்னலில் இன்னொரு நியாயமான திருத்தம். இரண்டும் சேர்ந்து, சும்மா இருக்கும் கணினியின் திரையைக் கறுப்பாக்கின.

டெபியன் 10-இன் வெளியீட்டுக் குறிப்புகளிலேயே இந்த எச்சரிக்கை இருந்தது. தொலைவில் உள்ள கணினியைப் புதுப்பித்த பிறகு அதை எட்ட முடியாவிட்டால், தொடர்ந்து பிங் (பதில் கேட்கும் சிறு பொட்டலம்) அனுப்பிக்கொண்டிருங்கள், என்ட்ரோபி சேர்ந்து அது மீண்டும் எஸ்எஸ்எச்சுக்குப் பதில் தரும் என்றுகூட எழுதியிருந்தார்கள். முதல் வாசிப்பில் கைவைத்தியக் குறிப்புப் போலத் தோன்றும் அந்த அறிவுரையைச் சோதித்தும் பார்த்தோம். கறுப்புத் திரையோடு நின்ற ஒரு கணினிக்குப் பக்கத்துக் கணினியிலிருந்து பிங் அனுப்பினோம். யாரும் தொடாமலே திரை வந்தது.

எஸ்எஸ்டியா, செயலியா

பராமரிப்பாளரின் மனத்தில் எஸ்எஸ்டிதான் குற்றவாளி. அதில் நியாயமும் உண்டு: எஸ்எஸ்டி போட்ட கணினிகளில் மட்டுமே கோளாறு. ஆனால் எஸ்எஸ்டி போட்டவை எல்லாமே பழைய செயலி கொண்டவையும்கூட. இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் எதுவும் சொல்ல முடியாது.

பழைய வன்வட்டு ஒன்றில் அதே படிமத்தை ஏற்றிப் பழைய கணினியில் மாட்டினோம். காத்திருப்பு குறைந்தது, ஆனால் நீங்கவில்லை. சுழலும் வட்டின் நேர ஏற்ற இறக்கங்களைக் கெர்னல் என்ட்ரோபியாகக் கணக்கில் கொள்கிறது. எஸ்எஸ்டியிடமிருந்து அப்படி எடுப்பதில்லை. அடுத்து, எஸ்எஸ்டியைப் புதிய கணினியில் மாட்டினோம். உடனே திரை வந்தது.

புதிய செயலிகளில் ‘ஆர்டிரேண்ட்’ என்ற கட்டளை இருக்கிறது. செயலியே சமவாய்ப்பு எண் தரும். 2012-இல் வந்த மூன்றாம் தலைமுறையோடு இன்டெல் அதைச் சேர்த்தது. டெபியன் 10-இன் கெர்னல், 64-பிட் இன்டெல், ஏஎம்டி கணினிகளில் அந்தக் கட்டளை இருந்தால் அதை நம்பி உடனே தயாராகிவிடும்படி அமைக்கப்பட்டது. இறுதிச் சோதனையாக, புதிய கணினி ஒன்றில் தொடக்க அளவுருவாக ‘ரேண்டம்.டிரஸ்ட்_சிபியு=ஆஃப்’ என்று கொடுத்து அந்த நம்பிக்கையை அணைத்தோம். கதவோர வரிசையில் முதல்முறையாகக் கறுப்புத் திரை நின்றது. இதற்குப் பிறகு காரணத்தைப் பற்றி அறையில் யாருக்கும் ஐயம் இல்லை.

மேம்படுத்தலைச் சோதித்தது புதிய கணினியில் என்பதால்தான் கோளாறு அப்போது கண்ணில் படவில்லை.

என்ன செய்வது என்ற பேச்சு

காரணம் தெரிந்த பிறகும் வழிகள் பல இருந்தன. எல்லாமே நல்லவை அல்ல.

வேறு நுழைவு மேலாளருக்கு மாறலாம் என்றார் ஒருவர். ஆனால் கேட்பவரை மாற்றினால் கேள்வி மறையாது; அடுத்து எண் கேட்கும் நிரல் அதே வாசலில் நிற்கும். எஸ்எஸ்எச் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தது.

இணையத்தில் நெடுங்காலமாகச் சுற்றிவரும் ஒரு குறுக்குவழி, சமவாய்ப்பு எண் தரும் ‘ரேண்டம்’ சாதனக் கோப்பின் இடத்தில், காத்திருக்காமல் எண் தரும் ‘யுரேண்டம்’ கோப்பை இணைத்துவிடுவது. இங்கே அதனால் ஒன்றும் நடக்காது. கெட்ரேண்டம் என்பது அமைப்பு அழைப்பு. அது சாதனக் கோப்புகளைத் தொடுவதே இல்லை. அதைவிட மோசமான இன்னொன்று, கெர்னலுக்கு என்ட்ரோபி ஊட்டும் ஆர்என்ஜி-டூல்ஸ் நிரலுக்கு ‘யுரேண்டம்’ கோப்பையே மூலமாகக் காட்டுவது. கெர்னலின் சொந்த வெளியீட்டையே அதற்குப் புதிய என்ட்ரோபி என்று திருப்பிக் கொடுப்பது அது. திரை வரும், ஆனால் 2018-இல் அடைத்த ஓட்டையை நாமே திறந்ததாகிவிடும். இதை நான் கண்டிப்பாக மறுத்தேன்.

நல்ல கேள்வி ஒன்று கணினி ஆசிரியரிடமிருந்து வந்தது. “அணைக்கும்போது சிஸ்டம்டி ஒரு விதையைச் சேமித்து வைக்கிறதே சார், அடுத்த முறை அதை எடுத்துக்கொண்டால் போதாதா?” உண்மைதான். அடுத்த தொடக்கத்துக்கான சமவாய்ப்பு எண்களைக் கொண்ட 512 பைட் விதைக் கோப்பு ஒன்று வட்டில் இருக்கும். தொடக்கத்தில் அதைக் கெர்னலுக்குள் கலக்கவும் செய்கிறது. ஆனால் அதை என்ட்ரோபியாகக் கணக்கு வைப்பதில்லை. ஏன் வைப்பதில்லை என்பதற்கு இந்த அறையே சாட்சி. எல்லாக் கணினிகளும் ஒரே படிமத்திலிருந்து நகலெடுக்கப்பட்டவை. முதல்முறை எழும்போது எல்லாவற்றிலும் அதே விதை. அதை நம்பினால் பல கணினிகள் ஒரே ‘ரகசியத்தோடு’ எழும் நிலை வரும். படிமத்தைத் திறந்து பார்த்தபோது அதில் விதைக் கோப்பு மட்டுமல்ல, எஸ்எஸ்எச் சேவையின் அடையாளச் சாவிகளும் கணினி அடையாள எண்ணும்கூட இருந்தன; அந்தச் சாவிகளும் எண்ணும் எல்லாக் கணினிகளிலும் ஒன்றாகவே இருந்தன. யாரும் புகார் செய்யாத இந்தக் குறை, புகார் வந்த குறையைவிடப் பெரியது என்பது என் எண்ணம்.

முடிவில் ஹேவ்ஜ்டு என்ற சேவையைத் தேர்ந்தெடுத்தோம். செயலியின் உள்நிலை மாற்றங்களால் கட்டளைகள் ஓடும் நேரத்தில் ஏற்படும் நுண்ணிய வேறுபாடுகளை அளந்து, அதிலிருந்து என்ட்ரோபி சேர்த்துக் கெர்னலுக்குக் கொடுப்பது அதன் வேலை. டெபியனின் நிறுவி நிரலைச் செய்பவர்களும் இதே தேவைக்கு அதையே தேர்ந்தெடுத்திருந்தார்கள். அது தரும் எண்களின் தரம் குறித்துத் துறை அறிந்தவர்களிடையே விவாதம் உண்டு. ஆயினும், ஆர்டிரேண்ட் இல்லாத, தனி வன்பொருள் மூலமும் இல்லாத பள்ளிக் கணினிக்கு அதைவிடப் பொருத்தமான வழி அப்போது கையில் இல்லை. பழைய கணினிகளில் மட்டும் நிறுவினோம். புதியவற்றுக்குத் தேவை இல்லை.

பின்னர் நடந்தது

நிறுவிய மறுநாள் காலை உதவியாளர் சுவிட்சைப் போட்டார். யாரும் எதையும் தொடவில்லை. எல்லாத் திரைகளும் வந்தன. பதிவேட்டில் இரண்டாவது வரி முதல் சில வினாடிகளுக்குள் வந்திருந்தது. மறுதொடக்க ஸ்கிரிப்டையும் எங்கள் கண்காணிப்புச் சேவையையும் நீக்கினோம். வேலாண்ட் மீண்டும் இயக்கப்பட்டது. அதை அணைத்ததற்கு இப்போது காரணம் இல்லை. படிமத்திலிருந்து விதைக் கோப்பையும் அடையாள எண்ணையும் அகற்றி, ஒவ்வொரு கணினியிலும் எஸ்எஸ்எச் சாவிகளைப் புதிதாக உருவாக்கினோம். இதற்குத்தான் அதிக நேரம் பிடித்தது.

அதே ஆண்டு செப்டம்பரில் இதே சிக்கல் கெர்னல் உருவாக்குபவர்களிடையே பெரிய விவாதமாக வெடித்தது. இஎக்ஸ்டி4 கோப்பு முறைமையில் வட்டை அணுகும் முறையைத் திறமையாக்கிய ஒரு மாற்றம், தொடக்கத்தில் வட்டு இன்டரப்டுகளைக் குறைத்தது; என்ட்ரோபியும் குறைந்து ஒரு கணினியின் நுழைவுத் திரை வரவே இல்லை. கோப்பு முறைமை மாற்றத்தில் பிழை ஏதும் இல்லை என்று ஒப்புக்கொண்டே, செப்டம்பர் 15 அன்று வெளியான 5.3 பதிப்பில் அதை லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் திரும்பப் பெற்றார். பயனரின் கணினி எழாமல் போனால், யார் பக்கம் நியாயம் என்ற கேள்விக்கு அவர் அகராதியில் இடமில்லை. நவம்பரில் வந்த 5.4 கெர்னலில், என்ட்ரோபி இல்லாமல் யாராவது காத்திருந்தால் செயலியின் நேர வேறுபாடுகளிலிருந்து கெர்னலே அதை உருவாக்கிக்கொள்ளும் வழி சேர்க்கப்பட்டது. ஹேவ்ஜ்டு செய்ததற்கு நெருக்கமான வேலை அது.

2021 ஆகஸ்டில் 5.10 கெர்னலோடு டெபியன் 11 வந்தது. அதற்கு மாறியபோது ஹேவ்ஜ்டுவை நீக்கினோம். இம்முறை சோதனைக்கு எடுத்தது அறையிலேயே பழைய கோர் 2 டுவோ. பிணையக் கேபிளைக் கழற்றி, விசைப்பலகையையும் மவுஸையும் பிடுங்கிவிட்டுச் சுவிட்சைப் போட்டோம். திரை தாமதமின்றி வந்தது.

மறுபடி செய்வதானால்

இயங்குதளத்தையும் வட்டையும் ஒரே நாளில் மாற்றுவதைத் தவிர்க்கச் சொல்வேன். முடியாவிட்டால் ஒரு பழைய கணினியையாவது பழைய வட்டோடு விட்டுவைக்கலாம்; ஒப்பிட்டுப் பார்க்க அது போதும். படிமத்தை நகலெடுக்கும் முன் விதைக் கோப்பு, அடையாள எண், எஸ்எஸ்எச் சாவிகள் மூன்றையும் அகற்றுவது இப்போது அந்தப் பள்ளியின் செய்முறைத் தாளில் எழுதப்பட்டிருக்கிறது.

வெளியீட்டுக் குறிப்புகளை முன்கூட்டிப் படித்திருந்தால் இவ்வளவும் தேவைப்பட்டிருக்காது என்று சொல்வது எளிது. படித்திருந்தாலும், கறுப்புத் திரையைக் கண்டு என்ட்ரோபியை நினைப்பவர் சிலரே. அறிகுறியிலிருந்து காரணத்துக்குப் போகும் பாதை அந்தக் குறிப்பில் இருந்தது. ஆனால் ‘சேவைகள் தொடங்கத் தவறலாம், அல்லது கணினி எழும்போது நின்றுவிட்டதுபோலத் தோன்றலாம்’ என்ற பொருள்பட்ட தலைப்பின் கீழ். நுழைவு மேலாளர் என்று தேடிய பராமரிப்பாளரின் கண்ணில் அது எப்படிப் படும்?

உதவியாளர் சன்னலோரம் நின்று எழுதிய நேரக் குறிப்புத் தாளைச் செய்முறைத் தாளோடு சேர்த்துக் கோப்பில் வைத்திருக்கிறார்கள். அடுத்த மேம்படுத்தலிலும் அதே முறையில், கை படாத ஒரு தொடக்கத்தின் நேரங்களைக் குறித்துப் பழையவற்றோடு ஒப்பிடுவது என்று முடிவாகியிருக்கிறது.